இடப்பக்கத்து வளையல்

சுவிட்சைப் போட்டாயிற்று. இனி நான் செய்ய ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நான்கு கண்ணாடி வால்வுகளும் கொஞ்ச நேரம் எனக்கென்ன என்று நின்றன, பிறகு ஒவ்வொன்றின் வயிற்றிலும் கம்பி சிவக்கத் தொடங்கியது, முதலில் வலது ஓரம், அப்புறம் நடுவில் இருக்கிற இரண்டும், கடைசியாக இடது ஓரம், பார்த்தாயா, இதிலும் இடதுதான் பின்தங்குகிறது என்று மனம் உடனே குறித்துக்கொண்டது, சீ, சும்மா கிட. வால்வு சூடாகாமல் கேட்கக் கூடாது என்று ஜெபசிங் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், நாகர்கோவிலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்த ஆம்ப்ளிஃபையரைக் கையால் செய்து அனுப்பியவர் அவர்தான். "அவசரப்பட்டுராதீங்க சார். ஒரு ஒலைச் சோறு வெந்து எறங்குற நேரம் விடுங்க. அதுக்கு முன்னாடியே காதுல மாட்டிக்கிட்டு, சத்தம் சரியில்லன்னு எனக்குப் போன் போடப்பிடாது." அதனால்தான் மங்கை உலை வைக்கிற நேரம் பார்த்துச் சுவிட்சைப் போட்டேன். சமையலறை இந்தக் கூடத்துக்கு இடப்பக்கம், கதவில்லாத வாசல், அவள் அரிசி களைகிற ஓசை வருகிறது, வருகிறதா, வருகிறது என்றுதான் நினைக்கிறேன். "சோறு வடிச்சதும் சொல்லு" என்று குரல் கொடுத்தேன். கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பாட்டுப் பொட்டிக்குச் சோறு ஊட்டப் போறீங்களா?" சிரித்தேன், சிரித்ததுபோலக் காட்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. ஏனென்றால் இந்தப் பெட்டி பாட்டுக்காக வரவில்லை, அது அவளுக்குத் தெரியாது, ஜெபசிங்குக்கும் தெரியாது. பழைய பெட்டியில் எனக்கு இடது பக்கம் மங்கலாகக் கேட்டது. இதிலும் மங்கலாகக் கேட்டால் குற்றம் பெட்டியில் இல்லை, என் காதில்.

இதற்குமேல் இதை நினைக்க வேண்டாம், பெட்டியைப் பற்றி நினைக்கலாம். அழகாகத்தான் செய்திருக்கிறார் மனுஷன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேக்குப் பலகை, மேலே கறுப்புத் தகடு, ஹெட்போன் சொருகுவதற்கு நாலு ஊசி போட்ட துளை. இது ஊருக்குப் பாட்டுப் போடுகிற சாமான் இல்லை, என் ஒரு தலைக்கு மட்டும் போடுவது. பேலன்ஸ்டு என்கிறார்கள், அப்படியென்றால் என்ன என்று மங்கை கேட்டபோது பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். பழைய பெட்டியில் இடது காதுக்கும் வலது காதுக்கும் போன மின்சாரம் திரும்பி வர ஒரே பொதுக் கம்பி, ஒரே வாசலில் இரண்டு குடித்தனம் புழங்குவதுபோல, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள், இதில் ஆளுக்கொரு வாசல், இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. "ஒரு தலைக்கு ரெண்டு குடித்தனமா?" என்றாள். அவளுக்குக் கிண்டல். எனக்கோ அந்தப் பொது வாசலில்தான் உயிர் இருந்தது, இடது பக்கத்து ஓசை அங்கேதான் எங்கேயோ நசுங்குகிறது, என்னிடத்தில் இல்லை, என்னிடத்தில் இல்லை. எத்தனை சாமான் மாற்றினேன், முதலில் பழைய பெட்டியின் வால்வு, அப்புறம் வயர், அப்புறம் பாட்டு ஓடுகிற கருவி, ஒவ்வொன்றையும் மாற்றியதும் ஒரு நாள் நன்றாகக் கேட்பதுபோல இருக்கும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. ஹெட்போனை மட்டும் மாற்றவில்லை, அது நல்ல ஹெட்போன், பதினைந்து வருஷமாக என் தலையின் அளவுக்குப் பழகியது. அதன் மெத்தைதான் உரிந்து கன்னத்திலும் தலையணையிலும் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, போன தீபாவளிக்கு முன்னால் மங்கை பழைய உள்பாவாடைத் துணியில் இரண்டு உறை தைத்து, விளிம்பில் எலாஸ்டிக் வைத்து, குல்லா மாட்டுவதுபோல மாட்டிவிட்டாள். துணி போட்டால் சத்தம் குறையுமே என்று முதலில் குதித்தேன், பிறகு யோசித்தேன், இரண்டு பக்கமும் ஒரே துணி, தைத்ததும் ஒரே கை, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதைக் கழித்துவிடலாம். கழித்துவிட்டேன்.

முதலில் காணாமல் போனது வளையல்தான். என்னிடம் ஒரு கச்சேரிப் பதிவு இருக்கிறது, சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து யாரோ ஒரு ரசிகர் எடுத்தது, பாடுகிற அம்மாள் நடுவில், வயலின் வலப்பக்கம், மிருதங்கம் இடப்பக்கம். மிருதங்கத்துக்கும் இந்தப் பக்கம், நமக்குக் கிட்டத்தில், கூட்டத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் கை விழும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் கிணுங்கும். மெல்லிய ஓசை, எல்லாப் பெட்டியிலும் கேட்காது, என்னுடையதில் கேட்டது, அதில் எனக்கு அவ்வளவு கர்வம். அவள் முகம் தெரியாது, வயசு தெரியாது, ஒரு இடத்தில் தாளத்தைத் தவறவிட்டுவிட்டு அவசரமாக எட்டிப் பிடிக்கிறாள், அந்த இடம் வந்தால் நான் புன்னகைத்துவிடுவேன். மங்கை கண்டுபிடித்துவிட்டாள். "என்ன, உங்க வளையல்காரி வந்தாளா?" என்பாள் காபியை வைத்துக்கொண்டே. "வந்தா, வந்தா." "ஒரு வாய் காபி வேணுமான்னு கேளுங்க, பாவம், எத்தனை வருஷமா உக்காந்திருக்கா." இப்படி ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு. தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கச்சேரியைப் போட்டேன், மிருதங்கம் போர்வைக்குள் இருந்து வந்தது, பாடுகிற அம்மாள் நடுவிலிருந்து வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள், வளையல்காரியைக் காணவே காணோம். காபி கொண்டுவந்த மங்கை, "வந்தாளா?" என்றாள். "ம்" என்றேன்.

அந்த "ம்" சொன்ன அன்றைக்கே செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு, செலவில்லாதது, கண்மூடித் திறக்கும் நேரம் ஆகாதது. ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொள்ள வேண்டும், இடதை வலதிலும் வலதை இடதிலும், அவ்வளவுதான். மங்கல் வலது காதுக்குப் போனால் குற்றம் சாமானில், இடது காதிலேயே நின்றால் குற்றம் காதில். பிசிக்ஸ் லேபில் கால்வனாமீட்டர் முள் ஒரு பக்கமாகவே சாய்கிறது சார் என்று பிள்ளைகள் வந்து நிற்கும்போது, வருஷா வருஷம், வகுப்புக்கு வகுப்பு, நான் என்ன சொல்கிறேன், முனையை மாற்றிக் கொடுத்துப் பாரடா, முள் மாறுகிறதா பார், அப்புறம் வா. உறையூரில் பாதிப் பேருக்கு நான் முனை மாற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஊருக்குத்தான் உபதேசம். எத்தனையோ தடவை இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்துத் திருப்பப் போயிருக்கிறேன், பாதியில் கை நின்றுவிடும், ஏதோ போன் வரும், வராவிட்டால் வந்ததாக நினைத்துக்கொள்வேன். திருப்பிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்தபிறகு தெரியாமல் இருக்க முடியாது. காதோரம் விரலைத் தேய்த்துப் பார்ப்பேன், காலையில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கேட்கும், சாயங்காலம் இடது குறைவாகக் கேட்கும், குறைவாகக் கேட்டதா, குறைவாகத் தேய்த்தேனா. பள்ளியில் கடைசி பெஞ்சில் இடப்பக்கம் யாராவது முணுமுணுத்தால் நின்றுவிடுவேன், என்னடா சொன்னாய் என்பேன், அவன் பயந்துபோய் ஒன்றும் சொல்லவில்லை சார் என்பான், உண்மையிலேயே சொல்லியிருக்க மாட்டான். ஒரு நாள் தில்லைநகரில் காது டாக்டரிடம் போகவும் போனேன், வரவேற்பில் இருந்த பெண் ஒரு பெரியவரைப் பார்த்து, "ஐயா, உங்களத்தான், காலைல என்ன சாப்பிட்டீங்க, சா... ப்... பி... ட்டீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள், அங்கிருந்த எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள், அவர் பாவம் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். நான் அந்தப் பெண்ணிடம், இது பல் ஆஸ்பத்திரிதானே என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்பாவுக்கும் இடதுதான் முதலில். டவுன் பஸ் கண்டக்டர், வாயைத் திறந்தால் பஸ்ஸே சிரிக்கும், படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்து, "வாசல்லயே நிக்கிறீங்களே, எல்லாரும் மாப்பிள்ள வீட்டாரா? உள்ள வாங்க, பந்தி காலியாத்தான் இருக்கு" என்பார், திட்டு வாங்க வேண்டிய கூட்டம் சிரித்துக்கொண்டே உள்ளே ஏறும். அவருக்குக் காது போகத் தொடங்கிய வயசை நான் போன ஆவணியில் தொட்டேன். காது போனதுகூடப் பெரிதில்லை, போனபிறகு வீட்டில் நடந்தது இருக்கிறதே. யாரும் அவரை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, எல்லாம் சத்தம்போட்டுச் சொன்னோம், சாப்பிடுங்கப்பா, குளிங்கப்பா, கையெழுத்துப் போடுங்கப்பா. கத்திச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். ஒரு வேடிக்கையைக் கத்திச் சொல்ல முடியாது, இரண்டாம் தடவை கத்தினால் அது வேடிக்கையும் இல்லை. கல்யாண வீட்டில், மொட்டை மாடியில், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சிரிக்கும்போது அப்பாவும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு. பிறகு பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, "என்ன? என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பார்கள். கடைசிப் பத்து வருஷம் அந்த மனிதர் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான், ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்லங்க. ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு வீட்டில் யாரும் ஒரு சிரிப்பைத் திருப்பித் தரவில்லை. எனக்கு எந்தப் பாட்டும் போகட்டும், வயலின் போகட்டும், பள்ளிக்கூடத்து மணி சந்தோஷமாகப் போகட்டும், மங்கையின் முணுமுணுப்பு போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அவள் பேசுவதில் பாதி முணுமுணுப்புதான். பாத்திரத்தோடு பேசுவாள், டிவியில் செய்தி வாசிக்கிறவளோடு பேசுவாள், என்னைப் பற்றி எனக்குக் கேட்டும் கேட்காமலும் அடுப்பிடம் புகார் சொல்வாள், இருபத்தாறு வருஷமாக இந்த வீட்டில் நான் காசு கொடுக்காமல் பார்க்கிற நாடகம் அது. இப்போது கொஞ்ச நாளாக ஏதாவது சொல்வாள், நான் "என்ன?" என்பேன், "ஒண்ணுமில்ல" என்பாள். அந்த வார்த்தை, அதே வார்த்தை. இன்னொன்றும் கவனித்தேன், சாப்பிடும்போது எப்போதும் என் இடப்பக்கம் உட்காருகிறவள், பொங்கலுக்கு அப்புறம் வலப்பக்கம் மாறிவிட்டாள். ஒன்றும் சொல்லாமல், தட்டை எடுத்துக்கொண்டு, இயல்பாக. ஆகவே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நல்ல காதின் பக்கம் வந்துவிட்டாள், என்னிடம் சொல்லாமல் மறைக்கிறாள், நானும் அவளிடம் சொல்லாமல் மறைக்கிறேன், நடுவில் ரசம். ஒரு நாள் காஸ் புக் பண்ணச் சொன்னதை மறந்துவிட்டேன், "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி" என்று எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல இருந்தது, மிளகாயைக் கடித்தாளோ என்னவோ. அன்றைக்குத்தான் ஜெபசிங்குக்குப் போன் செய்து இந்தப் பெட்டிக்குச் சொன்னேன். காது டாக்டருக்குக் கொடுக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு, பேசாமல் கொடுத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மூடிக்கொண்டிருக்கிற வரைக்கும் அந்த இருட்டு ஒரு சுகம்.

"வடிச்சாச்சு!" மங்கையின் குரல். இதோ, இது கேட்டது, ஆனால் கத்தினாள். கஞ்சி வாசனை வருகிறது. வால்வுகள் நான்கும் இப்போது ஒரே நிறம், மேலே கையை வைத்தால் வெந்நீர்ப் பானைக்கு மேல் வைத்ததுபோலச் சூடு. புது வயரைக் காலையிலேயே மூக்குக்கண்ணாடி போட்டு எல், ஆர் எழுத்துப் பார்த்து ஹெட்போனில் மாட்டிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினேன், அதன் கால் இடுக்கினால் ஓசை ஒழுகும். மாட்டிக்கொண்டேன். கச்சேரியைப் போட்டேன். கூட்டத்தின் இரைச்சல், யாரோ தொண்டையைச் செருமுகிறார், தம்புரா, வலப்பக்கம் வயலின் வில்லை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது, அப்பா, என்ன வயலின், அந்த வில்லின் சுரசுரப்பு, கட்டையின் மணம்கூட வருகிறதுபோல, ஜெபசிங், நீர் நல்லா இரும். பாட்டு எடுத்தாயிற்று. மிருதங்கம் வந்தது. இடப்பக்கம். போர்வைக்குள். இல்லை, இன்னும் சூடாக வேண்டும், இல்லை, வயர் புதுசு, பழக வேண்டும், இல்லை, அடுத்த வரியில் வருவாள், தாளம் தவறுகிற இடம் வரட்டும், அங்கே பலமாகத் தட்டுவாள். அந்த இடம் வந்தது, போயிற்று. அவள் வரவில்லை. ஆளுக்கொரு வாசல் வைத்துக் கொடுத்தும் இடது வீட்டில் விளக்கு எரியவில்லை. அப்படியானால் சரி. அப்படியானால் அதுதான். அப்பா மொட்டை மாடியில் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நகர்ந்து எனக்கும் கொஞ்சம் இடம் விடுகிறார்.

தோளில் யாரோ தட்டினார்கள். மங்கை, கரண்டியில் சாம்பார், உதடு அசைகிறது. இடது கையால் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டேன். "உப்புப் பாருங்கன்னு எவ்வளவு நேரமாக் கூப்புடுறது" என்றாள், இன்றைக்கு அவளுக்குக் கிருத்திகை விரதம், நாக்கில் படாமல் சமைக்கிறாள். வலது உள்ளங்கையை நீட்டினேன், ஊற்றினாள், வாயருகே கொண்டுபோனேன், கொண்டுபோனதோடு சரி. "சரியா இருக்கு." "மொகம் ஏன் இப்பிடி இருக்கு? பொட்டி பாடலையா?" "பாடுது." "அப்பறம்?" "ஒண்ணுமில்ல." நானே சொல்லிவிட்டேன் அந்த வார்த்தையை. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். உள்ளங்கையில் சாம்பார், துடைக்கத் துண்டில்லை, இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அணைத்துவிடலாம் என்று இடது கையாலேயே ஹெட்போனைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். வயலின் ஓடிக்கொண்டிருந்தது. அதே சுரசுரப்பு, அதே வில், கூரான, பளிச்சென்ற வயலின், அதுவும் எங்கே, இடது காதில். சரி, வயலின் இடப்பக்கம் என்று ஒரு நொடி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன், பிறகுதான் உறைத்தது. வயலின் வலப்பக்கம் அல்லவா? வயலின்காரர் எழுந்து மேடையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாரா? கையால் தடவிப் பார்த்தேன். பழைய வயரில் வலப்பக்கத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தேன், புது வயரில் நூல் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, கண்ணாடியும் இல்லை, நான் ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். ஆறு மாசமாகத் தைரியம் இல்லாமல் தள்ளிப்போட்ட சோதனையைச் சாம்பார் செய்துவிட்டது. மிருதங்கம் இப்போது வலது காதில், அதே போர்வைக்குள்ளிருந்து, மங்கலாக, என் நல்ல காதில் மங்கலாக! கெட்ட காதில் வில்லின் ஒவ்வொரு நாரும். முள் மாறிவிட்டது, முள் மாறிவிட்டதடா, என் காது நன்றாக இருக்கிறது, ஐயோ என் காது நன்றாக இருக்கிறது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் வருகிறது, கையில் மிச்சமிருந்த சாம்பாரை நக்கினேன், உப்பே இல்லை, ஒரு கல் உப்புக்கூட இல்லை, வாழ்நாளில் இவ்வளவு நல்ல சாம்பாரை நான் சாப்பிட்டதில்லை.

ஹெட்போனைக் கழற்றி இடது உறையின் எலாஸ்டிக்கை நெம்பினேன். மேலே கறுப்புத் துணி, வலதில் இருப்பதுபோலவே. உள்ளே வட்டமாக வெட்டி, சுற்றிலும் பொடித் தையல் போட்டு, தடிமனான ஒரு டர்க்கித் துண்டு, நான் குளித்துவிட்டுத் துவட்டுகிற பச்சைத் துண்டின் கிழிந்த பாதி. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நாகர்கோவில் வரைக்கும் நெய்க்கு அலைந்திருக்கிறேன். "மங்கை!" நான் கத்திய கத்தில் கரண்டியோடு ஓடி வந்தாள். "இது என்ன?" "துண்டு." "இது எப்படி இங்க வந்துச்சு?" "நான்தான் வெச்சேன். நீங்க கேட்டுக்கிட்டே நாற்காலில தூங்கிடுறீங்க, தலை எப்பவும் எடப்பக்கமாச் சாயுது, நாற்காலிக் கட்டைல பட்டு அது அழுத்தி, எந்திரிக்கும்போது காது செவந்து கெடக்கும். அதான் அந்தப் பக்கம் மட்டும் மெத்துன்னு இருக்கட்டும்னு வெச்சேன். சொன்னேனே." "எப்ப சொன்ன?" "மாட்டிக் குடுத்த அன்னைக்கே சொன்னேன். நீங்களும் தலைய ஆட்டுனீங்க." "நான் அப்ப பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேனா?" "பின்ன? எப்பத்தான் அதக் காதுலேர்ந்து எடுத்தீங்க?" இந்த மெத்தென்ற துண்டின் மேல் காதை வைத்துக்கொண்டு ஆறு மாசம் செத்திருக்கிறேன். "எனக்குக் காது போயிடுச்சுன்னு நெனச்சேன் மங்கை" என்றேன். "அப்பா மாதிரி." அவள் கரண்டியை டீப்பாய்மேல் வைத்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அதுக்கா இந்தப் பொட்டி?" "ஆமா." "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? காதப் புடிச்சு நானே பாத்திருப்பேன்ல" என்றாள், அவள் குரல் உடைந்திருந்தது, அதுவும் எனக்குக் கேட்டது. "உனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். சாப்பிடும்போது வலப்பக்கம் மாறிட்டியே." "அந்த நாற்காலிக்குக் கால் ஆடுதுங்க! உக்காந்தா விழப் பாக்குது. பொங்கல்லேர்ந்து சொல்றேன், திருப்புளி எடுத்து ஒரு முறுக்கு முறுக்குங்கன்னு. நீங்க எங்க கேட்டீங்க?"

கேட்கவில்லைதான். துண்டை உருவி எடுத்துவிட்டு, உறையை மாட்டி, எழுத்துப் பார்த்து, சரியாகத் தலையில் வைத்து, அந்த இடத்தைப் போட்டேன். வந்தாள். கிணுங், கிணுங், தாளம் தவறி, அவசரமாக எட்டிப் பிடித்து, கிணுங். முன்பு இரண்டு மூன்று வளையல் என்று நினைத்திருந்தேன், புதுப் பெட்டியில் ஒரு கை நிறைய. பாடுகிற அம்மாள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆறு மாசமாக் காணாமப் போயிருந்த வளையல்காரி வந்துட்டா" என்றேன் மங்கையிடம். ஒரு தாளவட்டம்கூட முடியவில்லை, ஹெட்போனைக் கழற்றி வைத்தேன், வளையல்காரி எங்கே போகப்போகிறாள், இத்தனை வருஷம் உட்கார்ந்தவள்தானே. காலையில் பெட்டியைப் பிரித்த திருப்புளி அங்கேயே கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு நாற்காலியைக் கவிழ்த்து, ஆடின காலை இரண்டு முறுக்கு முறுக்கி நிமிர்த்தி, என் இடப்பக்கம் போட்டேன். "உக்காரு" என்றேன். "சாம்பாருக்கு உப்புப் போடணும், சரியா இருக்குன்னு சொன்ன மகராசன்." "போடலாம், உக்காரு." உட்கார்ந்தாள், ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. கூடத்தில் சிவந்து நின்ற வால்வுகளைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் நாற்காலிக் கையிடம் சொல்வதுபோல முணுமுணுத்தாள், "ஆறு மாசம் நிம்மதியா இருந்தேன், திரும்ப வந்துட்டா அந்தச் சிறுக்கி." "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல." "கேட்டுச்சு" என்றேன். "ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு." அவள் திரும்பி என் இடது காதை ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் குரலைத் தாழ்த்தி, உதடு அசையாமல், இன்னொன்று சொன்னாள். அதுவும் கேட்டது. அதை வெளியில் சொல்ல மாட்டேன்.